நெஞ்சுப் படத்தில் ஒரு நிழல்: நுரையீரல் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றி மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வைத்தியன் அல்லன். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, இப்போது ஸ்கேன் அறையில் படம் எடுக்கும் வேலை செய்கிறேன். மேசையை விட்டு இறங்கும்போதே பலரும் கேட்டுவிடுவார்கள்: "தம்பி, என்ன தெரிகிறது?" அதற்குப் பதில் சொல்லும் உரிமை எனக்கு இல்லை, படத்தைப் படிப்பது கதிரியக்க வைத்தியரின் வேலை. ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னும் பின்னும் மக்கள் கேட்கும் பல கேள்விகளுக்கு ஒரு தொழிலாளியின் மகனாக விளக்கம் சொல்ல முடியும். அவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் வைத்தியர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். அவர் உங்களைப் பார்த்திருக்கிறார், நான் பார்த்ததில்லை.

எக்ஸ்ரேயில் நிழல் இருக்கிறது என்றார்கள். புற்றுநோயா?

எக்ஸ்ரேயில் நிழல் என்றால், காற்று இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருக்கிறது என்று மட்டுமே பொருள். அது நியுமோனியாவாக இருக்கலாம், காசநோயாக இருக்கலாம், எப்போதோ ஆறிப்போன காசநோயின் தழும்பாக இருக்கலாம், தேங்கிய நீராக இருக்கலாம். சட்டைப் பொத்தானையும் பெண்களின் சடைப் பின்னலையும்கூட நான் நிழலாகப் பார்த்திருக்கிறேன். புற்றுநோயும் அந்த வரிசையில் ஒன்று.

தொற்று என்று மருந்து கொடுத்தால், அந்த மருந்தோடு நிழல் கரைய வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியவரோ புகைபிடிப்பவரோ என்றால், நியுமோனியா குணமான பிறகும் ஆறு வாரம் அளவில் இன்னொரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இந்த இரண்டாவது எக்ஸ்ரேதான் நம் பக்கத்தில் தவறிப்போகிறது. இருமல் நின்றுவிட்டது, கொழுந்துக் காலம், அரைப்பேரை (அரை நாள் சம்பளத்தை) இழந்துகொண்டு யார் மறுபடியும் பஸ் ஏறுவது என்று விட்டுவிடுகிறார்கள். நிழல் உள்ளே அப்படியே இருந்துவிடுகிறது.

அப்பாவுக்குக் காசநோய் என்று மாத்திரை கொடுக்கிறார்கள். நான்கு மாதமாகியும் இளைத்துக்கொண்டே போகிறார். என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும்.

நெருக்கமான லயக் காம்பராக்களில் காசநோய் இன்னும் இருக்கிறது. நீண்ட இருமல், இளைப்பு, மாலைக் காய்ச்சல், சளியில் இரத்தம் என்று ஒருவர் வந்தால் வைத்தியர் முதலில் காசநோயை நினைப்பது சரிதான். ஆனால் நுரையீரல் புற்றுநோயும் இதே அடையாளங்களோடு வரும். இரண்டும் நுரையீரலின் மேற்பகுதியில் நிழல் போடும், இரண்டுமே நடுவில் குழி விழுந்ததுபோல் காட்டும். பழைய காசநோய்த் தழும்புள்ள நுரையீரலில் பிற்காலத்தில் புற்றுநோய் வருவதும் உண்டு. ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்து வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சளியில் கிருமி கண்டார்களா? கண்டிருந்தால் காசநோய் உறுதி. சிகிச்சையை ஒரு நாளும் விடக்கூடாது. சளியில் கிருமி இல்லாமல், எக்ஸ்ரேயையும் அடையாளங்களையும் வைத்து மட்டும் மாத்திரை தொடங்கியிருந்தால், இரண்டு மாதத்தில் எடை கொஞ்சமாவது ஏறியிருக்க வேண்டும், படத்திலும் மாற்றம் தெரிய வேண்டும். ஏறவில்லை என்றால் அந்த மார்பு நோய் கிளினிக்கிலேயே போய், "படம் மாறவில்லையே, சி.டி. ஸ்கேன் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது. நுவரெலியா, கண்டி, மாத்தளை, பதுளை என மாவட்டம் தோறும் மார்பு நோய் கிளினிக் இருக்கிறது. காசு வாங்க மாட்டார்கள்.

மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அம்மா பீடி, சிகரெட் எதையும் தொட்டதே இல்லை. அவருக்கு எப்படி வரும்?

புகைத்தல்தான் முதல் காரணம். அதில் சந்தேகம் இல்லை. சுருட்டையும் பீடியையும் "நாட்டுப் பொருள்" என்று தனியே ஒதுக்கி வைக்க வேண்டாம், அவையும் அந்தக் கணக்கில்தான் வரும்.

ஆனால் ஆசிய நாடுகளில் புகைக்காத பெண்களிடமும் இந்த நோய் கணிசமாக இருக்கிறது. பெரும்பாலும் அடினோகார்சினோமா என்ற வகை, நுரையீரலின் ஓரப்பகுதியில் சத்தமில்லாமல் வளர்வது. காரணங்களில் ஒன்றை நாம் எல்லோரும் சுவாசித்துத்தான் வளர்ந்தோம். உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகவரகம், வீட்டுக்குள் விறகு எரித்து வரும் புகையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தியிருக்கிறது. நிலக்கரிப் புகையை உறுதியாக உண்டாக்கும் என்கிறது. மழைக்காலத்தில் ஈர விறகு, புகைக்கூண்டு இல்லாத அடுப்பு, குளிருக்காகச் சாத்திய ஜன்னல். ஐந்து மணிக்கு எழுந்து ரொட்டி தட்டிய அம்மாவின் நுரையீரல் நாற்பது வருடம் அதற்குள்தான் இருந்தது. வீட்டில் மற்றவர்கள் விட்ட சிகரெட் புகையையும், அஸ்பெஸ்டஸ் தகட்டை வெட்டும்போது பறக்கும் தூசியையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே "புகைக்காதவர், அதனால் அது இல்லை" என்று யாராவது சொன்னால் அந்த வாதத்தை ஏற்காதீர்கள்.

எந்த அடையாளம் தெரிந்தால் போக வேண்டும்?

மூன்று வாரத்துக்கு மேல் இருமல். வழக்கமான புகை இருமலின் குணம் மாறுவது. சளியில் ஒரு துளி இரத்தம், ஒரே ஒரு முறை என்றாலும். காரணமில்லாத இளைப்பு, குரல் கம்மல், ஆறாத தோள்வலி, விரல் நுனிகள் உருண்டு தடிப்பது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் நியுமோனியா.

இவற்றில் பலவும் நோய் கொஞ்சம் முற்றிய பிறகு தெரிபவை. உண்மையான ஆரம்பக் கட்டத்தில் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. காலில் அடிபட்டுச் சத்திரசிகிச்சைக்காக எடுத்த நெஞ்சுப் படத்தில் தற்செயலாகக் கண்டுபிடித்தவை உண்டு. அடிபட்ட கால் ஒருவரைக் காப்பாற்றும் என்று யார் நினைப்பார்கள்!

எக்ஸ்ரே "நன்றாக இருக்கிறது" என்று சொன்ன பிறகும் சி.டி. ஸ்கேன் ஏன்?

எக்ஸ்ரே முழு நெஞ்சையும் ஒரே தாளில் நசுக்கிக் காட்டும் படம். விலா எலும்பு, இதயம், உதரவிதானம் இவற்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சிறு கட்டி அதில் தப்பிவிடும். நோய் இருப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு எக்ஸ்ரே எதையும் காட்டாமல் போகிறது. சி.டி. நெஞ்சை மில்லிமீற்றர் கணக்கில் துண்டு துண்டாக வெட்டிக் காட்டும். பாண் துண்டங்களைப் பிரித்துப் பார்ப்பதுபோல என்று நான் சொல்வதுண்டு.

அடையாளம் எதுவும் இல்லாமலே முன்கூட்டி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?

அமெரிக்காவில் 53,454 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2011இல் வெளிவந்தது. நீண்டகாலம் கடுமையாகப் புகைத்தவர்களுக்கு வருடந்தோறும் குறைந்த கதிரளவில் சி.டி. எடுத்தபோது, எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 வீதம் குறைந்தது. அங்கே இப்போது 50 முதல் 80 வயது வரை, நாளுக்கு ஒரு பெட்டி வீதம் இருபது வருடம் புகைத்த அளவுள்ளவர்களுக்கு அதைப் பரிந்துரைக்கிறார்கள்.

ஆனால் அதே ஆய்வில், சந்தேகத்துக்குரியது என்று ஸ்கேன் காட்டியவற்றில் நூற்றுக்கு 96 கடைசியில் புற்றுநோயாக இருக்கவில்லை. காசநோய்த் தழும்புகள் மலிந்த நம் நாட்டில் இப்படிப் பொய்யாகப் பயமுறுத்தும் புள்ளிகள் இன்னும் அதிகமாக இருக்கும். இங்கே நாடளாவிய பரிசோதனைத் திட்டம் கிடையாது. நீண்ட காலம் அதிகமாகப் புகைத்தவர் என்றால் வைத்தியரிடம் தனியாகப் பேசிப் பார்க்கலாம். இளம் வயதில், புகைக்காத ஒருவர், பயத்தினால் மட்டும் காசு கட்டி எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

7 மில்லிமீற்றர் கட்டி இருக்கிறதாம். ஊசி குத்தித் திசு எடுத்துப் பார்க்காமல் ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். ஏழைகள் என்பதால் அலட்சியமா?

கோபம் புரிகிறது. நமக்கு அலட்சியம் பழகிப்போன ஒன்று. அதனால் எல்லாவற்றிலும் அதுவே தெரிகிறது. இந்த விடயத்தில் மட்டும் அவர்கள் செய்வது சரி.

3 சென்றிமீற்றர் வரையுள்ள வட்டமான புள்ளியைச் சிறுகட்டி என்பார்கள். 6 மில்லிமீற்றருக்குக் குறைந்தவற்றில் புற்றுநோய் மிக அரிது. 6 முதல் 8 வரை இருந்தால் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் மறுபடியும் ஸ்கேன். 8ஐத் தாண்டினால் மூன்று மாதத்தில் ஸ்கேன், அல்லது பெட் ஸ்கேன், அல்லது ஊசி. கொழும்பில் உள்ள பணக்காரருக்கும் இதே கணக்குத்தான். 7 மில்லிமீற்றர் என்பது ஒரு மிளகு விதையைவிடச் சற்றுப் பெரியது. மூச்சோடு ஏறி இறங்கும் நெஞ்சுக்குள் அதை ஊசியால் குத்துவது கடினம், காற்றுக் கசிவு வாய்ப்பும் கூடும்.

காத்திருப்பதே ஒரு பரிசோதனை. திடமான புற்றுநோய்க் கட்டிகள் பெரும்பாலும் ஒரு மாதத்திலிருந்து ஏறக்குறைய நானூறு நாட்களுக்குள் கன அளவில் இரட்டிப்பாகும். இரண்டு வருடம் அசையாமல் இருக்கும் திடமான கட்டி பெரும்பாலும் ஆபத்தற்றது. பனிமூட்டம்போல் மங்கலாகத் தெரியும் வகை மட்டும் மிக மெதுவாக வளரும். அதை ஐந்து வருடம்வரை பார்ப்பார்கள்.

ஆனால் திரும்பப் போகவில்லை என்றால் காத்திருந்ததற்குப் பொருளே இல்லை. திகதியைக் கலண்டரில் எழுதி, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள்.

பெட் ஸ்கேன் எடுத்தால் உறுதியாகிவிடுமா?

உறுதியாகாது. சீனிச் சத்தை அதிகம் உறிஞ்சும் இடத்தை அது பளிச்சென்று காட்டும். புற்றுநோயும் உறிஞ்சும், காசநோயும் உறிஞ்சும். ஒரு சென்றிமீற்றருக்குக் குறைந்த கட்டியில் பளிச்சிடாமலும் போகலாம். நோய் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அது பெரிதும் உதவும்.

ஊசியே வேண்டாம். தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்து "கேன்சர் மார்க்கர்" பார்த்தால் போதாதா?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான்.

கட்டிகள் இரத்தத்தில் விடும் சில புரதங்களைத்தான் மார்க்கர் என்கிறார்கள். நுரையீரலுக்குச் சீ.ஈ.ஏ., சைஃப்ரா 21-1, என்.எஸ்.ஈ., ப்ரோ-ஜி.ஆர்.பி. போன்றவை. சீ.ஈ.ஏ.யை 1965இல் கனடாவின் மொன்றியலில் பில் கோல்ட், சாமுவேல் ஃப்ரீட்மன் என்ற இருவர் கண்டறிந்தார்கள், அதுவும் பெருங்குடல் புற்றுநோயில். நுரையீரலுக்கென்றே பிறந்தது அல்ல.

முதல் குறை: ஆரம்பக் கட்டத்தில் இவை பெரும்பாலும் ஏறுவதே இல்லை. திராட்சைப்பழம் அளவு கட்டி இரத்தத்தில் விடும் புரதம் மிகச் சொற்பம். ஆகவே எண் சரியாக வந்தாலும் நுரையீரல் சுத்தம் என்று ஆகாது. ஒரு மாமா இப்படி "நோர்மல்" என்ற தாளைப் பொலித்தீன் உறையில் போட்டுச் சட்டைப்பையில் எட்டு மாதம் வைத்திருந்தார். இருமலைப் பற்றி யார் கேட்டாலும் அந்தத் தாளை எடுத்துக் காட்டுவார். எங்களிடம் வந்தபோது கழுத்தில் நெறி கட்டியிருந்தது.

இரண்டாவது குறை இதற்கு எதிரானது: புற்றுநோய் இல்லாமலே ஏறும். புகைப்பவர்களுக்குச் சீ.ஈ.ஏ. சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஈரல் நோயிலும் நுரையீரல் தொற்றிலும் ஏறும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ப்ரோ-ஜி.ஆர்.பி.யும் சைஃப்ராவும் ஏறும். சிறுநீரக நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று இந்த நாட்டில் நான் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, மலையகத்துக்கே உரியது. என்.எஸ்.ஈ. சிவப்பணுக்களுக்குள்ளும் இருக்கிறது. எடுத்த இரத்தத்தை உடனே இயந்திரத்தில் சுழற்றித் தெளிவைப் பிரிக்காமல், அப்படியே குழாயோடு கினிகத்தேனை வளைவுகளில் குலுக்கிக்கொண்டு கொழும்புக்கு அனுப்பினால், வழியிலேயே அணுக்கள் உடையும், எண் ஏறும். புற்றுநோய் நெஞ்சில் இருக்காது, குழாயில் இருக்கும். என்.எஸ்.ஈ. கூடியிருந்தால், இரத்தம் உடைந்திருந்ததா என்று ஆய்வுகூடத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

பல நாள் பேரை விழுங்கும் அந்தக் காசைப் பஸ்ஸுக்கும் தங்குமிடத்துக்கும் வைத்துக்கொண்டு, சி.டி. எடுக்கும் இடத்துக்குப் போங்கள்.

அப்படியானால் மார்க்கர் எதற்குத்தான் உதவும்?

நோய் உறுதியான பிறகு உதவும். சிகிச்சைக்கு முன் ஏறியிருந்த எண் சத்திரசிகிச்சைக்குப் பின் இறங்குகிறதா, பிறகு மெல்ல ஏறுகிறதா என்று பார்க்கலாம். ப்ரோ-ஜி.ஆர்.பி. அதிகமாக ஏறியிருந்தால் வேகமாகப் பரவும் சிறுகலப் புற்றுநோயாக இருக்கலாம் என்று சந்தேகித்து வைத்தியர் அவசரம் காட்டுவார். எப்போதும் ஒரே ஆய்வுகூடத்தில் பாருங்கள். இயந்திரம் மாறினால் எண்ணும் மாறும். அதைப் பார்த்து நோய் கூடிவிட்டது என்று அழுதவர்கள் உண்டு.

ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும் என்கிறார்களே?

லயத்துக்கு லயம் இந்தப் பேச்சு உண்டு. "நன்றாகத்தான் இருந்தார், ஊசி போட்டார்கள், மூன்று மாதத்தில் போய்விட்டார்." அவர் நன்றாக இருக்கவில்லை, நோய் முற்றிய பிறகே ஊசிக்கு வந்தார். ஊசி போன பாதையில் கலங்கள் ஒட்டி வளர்ந்த சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. ஊசிக்குப் பயந்து தள்ளிப்போடுவதால் முற்றிப்போகிறவர்களை அந்த எண்ணோடு ஒப்பிடவே முடியாது.

ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி போடும் அன்று என்ன நடக்கும்?

இது என் அறையில் நடப்பது, அதனால் நீட்டிச் சொல்கிறேன்.

சில நாட்களுக்கு முன்பே இரத்தம் எடுத்து, உறையும் தன்மையையும் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் பார்ப்பார்கள். வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் போன்ற இரத்தம் இளக்கும் மாத்திரை குடிப்பவர் என்றால் முதல் கிளினிக்கிலேயே சொல்லிவிட வேண்டும். பல நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். நீங்களாக நிறுத்தக்கூடாது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் என்றால் சத்தியமாகக் கூடாது. நாட்டு வைத்தியரின் கஷாயம் குடிப்பதையும் மறைக்காதீர்கள். ஏசினால் ஏசட்டும்.

அன்று காலை சாப்பாடு இல்லை. சம்மதப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். படிவம் சிங்களத்தில் இருந்தால், புரியவில்லை, தமிழில் சொல்லுங்கள் என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. புரியாத தாளில் கைநாட்டு வைத்த காலம் நம் தாத்தாக்களோடு போகட்டும்.

மேசையில் குப்புறவோ மல்லாந்தோ, கட்டிக்கு எது கிட்டவோ அப்படிப் படுக்க வைப்போம். தோலில் ஒரு அடையாளத் தகட்டை ஒட்டி முதல் ஸ்கேன். எங்கே நுழைவது, எத்தனை சென்றிமீற்றர் ஆழம், எந்த விலா எலும்புக்கு மேலாக என்று வைத்தியர் திரையில் கோடு போட்டுப் பார்ப்பார். எலும்பின் கீழ் விளிம்பில் இரத்தக் குழாய் ஓடுவதால் எப்போதும் மேல் விளிம்பை ஒட்டியே போவார்கள். பிறகு விறைப்பு ஊசி. அது மட்டும்தான் சுள்ளென்று இருக்கும். அதன்பின் வெளி ஊசி ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி, ஒவ்வொரு முறையும் ஸ்கேன் எடுத்துச் சரிபார்ப்போம். நுனி கட்டியைத் தொட்டதும், அதற்குள்ளாக இன்னொரு மெல்லிய ஊசி. "டக்" என்று பொம்மைத் துப்பாக்கிபோல் சத்தம் கேட்கும். பயந்து துள்ளிவிடக் கூடாது. மூன்று நான்கு துண்டுகள், ஒவ்வொன்றும் தையல் நூல் தடிப்பு.

உங்கள் வேலை ஒன்றே: "மூச்சைப் பிடியுங்கள்" என்றால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு பிடிப்பது. ஆழமாக இழுக்க வேண்டாம், சாதாரண மூச்சு போதும். முதல் நாள் இரவு வீட்டில் படுத்துப் பழகிக்கொள்ளுங்கள். இருமல் வருகிறது என்றால் முன்கூட்டியே கையை அசையுங்கள். சிங்களம் புரியாதவர்களுக்காக நான் "பிடி", "விடு" என்று தமிழில் சொல்வேன். மற்ற இடங்களில் அந்த இரண்டு சொற்களையாவது முன்னரே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

துண்டுகள் ஃபோர்மலின் போத்தலுக்குள் போகும். காசநோய்ச் சந்தேகம் கொஞ்சமாவது இருந்தால் ஒரு துண்டைத் தனியே உப்பு நீரில் போட வேண்டும், ஏனென்றால் ஃபோர்மலின் கிருமியைக் கொன்றுவிடும், பிறகு அதை வளர்த்துப் பார்க்க முடியாது. வைத்தியரிடம் "காசநோய்க்கும் சேர்த்து அனுப்புகிறீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரே குத்தில் இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

ஆபத்து என்ன?

முக்கியமானது காற்றுக் கசிவு. ஊசி போன துளை வழியே நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் இடையில் காற்று புகுந்துவிடும். ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு அப்படி ஆகிறது. பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும். நூற்றுக்கு ஆறேழு பேருக்குக் குழாய் போட்டுக் காற்றை எடுக்க வேண்டி வரும். நீண்டகாலம் புகைத்து நுரையீரல் உப்பிப்போனவர்களுக்கு வாய்ப்பு அதிகம். சளியில் சிறிது இரத்தம் வருவது ஓரிரு நாளில் நின்றுவிடும்.

முடிந்ததும் ஊசி குத்திய பக்கம் கீழே இருக்கும்படி சில மணி நேரம் படுக்க வைப்பார்கள். அந்த இடத்தை உடலின் கனமே அழுத்தி மூடட்டும் என்றுதான். பேசாமல் கிடப்பது நல்லது. பார்க்க வந்த சம்பந்தி வீட்டார் கதை கேட்கத் தொடங்கினால் தாதியிடம் சொல்லி வெளியே அனுப்புங்கள்.

அன்றே மலையேறி வீட்டுக்குப் போகலாமா?

சமவெளியில் எழுதப்பட்ட அறிவுரைத் தாள்களில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. நமக்கு இருக்கிறது.

கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர். ஹட்டன் 1,270 அளவு. நுவரெலியா 1,870ஐத் தொடும். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், அடைபட்ட காற்று விரியும். சிப்ஸ் பக்கெட் நுவரெலியாக் கடையில் பலூன்போல் உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நெஞ்சுக்குள் சிக்கிய காற்றுக்கும் அதே விதிதான். கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறினால் அது ஏறக்குறைய கால் பங்கு பெருக்கும். கண்டியிலிருந்து என்றால் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேலே. காற்றுக் கசிவு உள்ளவர்களை விமானத்தில் ஏற வேண்டாம் என்பார்கள். விமான அறையின் அழுத்தம் 2,400 மீற்றர் வரையிலான உயரத்துக்குச் சமம். நுவரெலியா அதற்கு அவ்வளவு தூரத்தில் இல்லை.

கசிவே இல்லாதவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் கடைசி எக்ஸ்ரேயில் சிறு கசிவு தெரிந்து, "பரவாயில்லை, போகலாம்" என்று சொன்னால், உங்கள் வீடு எந்த உயரத்தில் இருக்கிறது, பஸ்ஸிலிருந்து இறங்கி எத்தனை படி ஏற வேண்டும், அருகிலுள்ள வைத்தியசாலை எவ்வளவு தூரம் என்று வைத்தியரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். என் எண்ணத்தில் ஒன்றிரண்டு இரவு கீழே உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. வீடு போன பின் திடீர் மூச்சுத் திணறலோ கூர்மையான நெஞ்சுவலியோ வந்தால், தோட்ட லொறிக்குக் காத்திருக்காமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம். ஒரு வாரத்துக்குக் கூடை தூக்கக் கூடாது. செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) பெயர் வெட்டுப்படும் என்றால் வைத்தியச் சான்றிதழைக் கையோடு வாங்கி வாருங்கள்.

கட்டி ஊசிக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது என்றால்?

மூச்சுக் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தால் வாய் அல்லது மூக்கு வழியே கமெராக் குழாயை விட்டு எடுப்பார்கள். நுரையீரல்களுக்கு நடுவிலுள்ள நெறிகளை, நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய குழாயால் பார்த்துக்கொண்டே குத்தலாம். நெஞ்சுச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் கட்டிக்குச் சாதாரண அல்ட்ராசவுண்டே போதும். கழுத்தில் நெறி கட்டியிருந்தாலோ நெஞ்சில் நீர் கோத்திருந்தாலோ முதலில் அங்கேதான் எடுப்பார்கள். எளிய இடமாகவும் இருக்கும், நோய் எவ்வளவு பரவியது என்றும் அதிலேயே தெரிந்துவிடும். எதுவும் முடியாதபோது அறுவையால் எடுப்பார்கள். நெஞ்சு அறுவைக்கு வெலிசறையிலுள்ள தேசிய சுவாச நோய் வைத்தியசாலை பெயர் பெற்றது.

பயொப்சியில் (ஊசியால் எடுத்த திசுவின் பரிசோதனையில்) "புற்றுநோய்க் கலங்கள் இல்லை" என்று வந்தது. கோயிலுக்கு நேர்ந்ததை நிறைவேற்றலாமா?

கொஞ்சம் பொறுங்கள். அறிக்கையில் "காசநோய்" என்றோ "ஆபத்தற்ற இன்ன கட்டி" என்றோ பெயர் சொல்லியிருந்தால் மகிழலாம். வெறுமனே "அழற்சி" என்றோ "போதிய திசு இல்லை" என்றோ இருந்தால், ஊசி கட்டியின் ஓரத்தையோ அழுகிய நடுப்பகுதியையோ எடுத்திருக்கலாம். இந்த ஊசி ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குச் சரியான பதில் தருகிறது. மீதிப் பத்துப் பேர் இங்கேதான் மறைந்திருப்பார்கள். ஸ்கேனில் கட்டி முள்முள்ளாக, சந்தேகமாகத் தெரிந்திருந்தால் மறுபடியும் குத்துவார்கள், அல்லது சில வாரத்தில் திரும்பவும் படம் எடுப்பார்கள்.

அறிக்கை வர ஏன் இவ்வளவு நாள்?

திசுவை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, நிறமேற்றிப் பார்க்கவே பல நாட்கள் எடுக்கும். எந்த வகை என்று பிரிக்க மேலும் சாயங்கள். பிறகு மரபணுப் பரிசோதனை: ஆசிய நோயாளிகளின் அடினோகார்சினோமாவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது. மாற்றம் இருந்தால், அதைக் குறிவைக்கும் மாத்திரைகள் உண்டு. புகைக்காத பெண்களுக்கு இதைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். அம்மாவுக்கு மாத்திரை போதுமா என்ற கேள்விக்குப் பதில் அந்த நூல் துண்டுக்குள்தான் இருக்கிறது. மூன்று நான்கு முறை "டக்" கேட்டதும் அதற்காகத்தான்.

அப்பாவிடம் சொல்லாமல் மறைக்கலாமா?

அறிக்கையை மொழிபெயர்க்கும் மகன் பாதியை விழுங்கிவிடுவதை நான் தினமும் பார்க்கிறேன். பெரும்பாலும் அப்பாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். பிள்ளைகள் வருந்துவார்களே என்று அவர் மறைத்துக்கொண்டிருப்பார். இது உங்கள் குடும்பத்து விடயம். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் உண்மையில் பிழைக்கிறார்களா?

பிழைக்கிறார்கள். 1999 முதல் 2010 வரை நோய் கண்டறியப்பட்டவர்களின் உலகளாவிய தரவில், எங்கும் பரவாத, ஒரு சென்றிமீற்றருக்குள் அடங்கிய கட்டியோடு வந்தவர்களில் நூற்றுக்கு 92 பேர் ஐந்து வருடம் தாண்டி வாழ்ந்தார்கள். இரண்டு முதல் மூன்று சென்றிமீற்றர் என்றால் 77. தூர உறுப்புகளுக்குப் பரவிய பிறகு வந்தவர்களில் பத்துப் பேர், சில வகைகளில் அதுவும் இல்லை. புதிய மருந்துகள் வந்த பின் கடைசி எண் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது.

பழைய எக்ஸ்ரே படங்களை எறிந்துவிடலாமா?

வேண்டாம். ஒரு படத்தையும் எறியாதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மா வந்தார். வலது நுரையீரலில் இரண்டு சென்றிமீற்றர் வட்டக் கட்டி. ஊசிக்கு நாளும் குறித்தாயிற்று. பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று வைத்தியர் கேட்டார். இல்லை என்றார் அவர். கூட வந்த பேத்தி மெதுவாக, "அம்மாயி, குசினி ஜன்னலில் ஒட்டியிருக்கிறோமே, அது?" என்றாள். கண்ணாடி உடைந்த ஜன்னலுக்கு, குளிர்காற்று வராமல் ஆணியடித்து வைத்திருந்த பழைய நெஞ்சுப் படம்.

மறுவாரம் பேத்தி அதைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு வந்தாள். நான்கு மூலையிலும் ஆணி ஓட்டை, ஒரு பக்கம் முழுக்க அடுப்புக் கரி. ஈரத் துணியால் துடைத்து வெளிச்சப் பெட்டியில் மாட்டினோம். மூலையில் பெயரும் 2009 என்ற வருடமும் இருந்தன. அதே இடத்தில் அதே கட்டி, அதே அளவில் இருந்தது. வைத்தியர் அளவுகோலை இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டு, ஊசிக்கான சீட்டைக் கிழித்துப் போட்டார்.

அம்மாயி படத்தைத் திரும்பக் கேட்டார். மழைக்காலம் வருகிறதாம், ஜன்னலுக்கு வேண்டுமாம். வேறொரு தகட்டைக் கொடுத்து அனுப்பினோம்.